அறுபத்து மூன்று அம்புகள்

"தொடாத. ஆர்கிட்டயும் ஒண்ணும் பேசாத. இதா வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. அம்மாவுக்குத் தயிர்சாதம் வாங்கத்தான் போகிறாள். தெருமுனை மெஸ் என்றால் இருபது நிமிஷம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்றால் நாற்பது, என்று கருணாம்பாள் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். எண்ணாமல் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கூடத்தில் படங்கள் இருபத்தாறு, சிலைகள் பதினைந்து, ஆக நாற்பத்தொன்று. அவற்றைச் செய்த பிள்ளைகள் ஒன்பது பேர், முப்பதைத் தாண்டினவர் ஒருத்தருமில்லை. கூரையில் விளக்குகள் ஐம்பத்திரண்டு, அதில் எரியாதது மூன்று. வாசலில் கழற்றி விட்ட செருப்பு ஒரே ஜோடி, அது அவளுடையது. காலை எட்டு இருபது பஸ்ஸில் ஏறிச் சொல்லாமல் கொள்ளாமல் கோயமுத்தூரில் வந்து இறங்கி, விசாரித்து விசாரித்து இந்தக் கூடத்துக்கு வந்து நின்றவளைப் பார்த்ததும் மகளுக்கு முகம் வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள். சந்தோஷத்தில் மாறுகிற முகம் எது, பயத்தில் மாறுகிற முகம் எது என்று தெரியாதவளா? ஆனால் எதற்குப் பயம் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, காட்டுகிற பழக்கம்தான். முப்பத்தொரு வருஷமாகத் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங். டியூப் லைட்டுக்குக் கீழே பீஸை விரித்து நெஞ்சு, முதுகு, கை, கழுத்து, அடிமடிப்பு என்று ஐந்து பார்வை. ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அம்பு ஒட்டினது ஆல்ட்டருக்குப் போய்ச் சரியாகித் திரும்பி வரும். சரிசெய்யவே முடியாததற்குச் சிவப்பு வட்டம். வட்டம் ஒட்டினது ரிஜெக்ட், அதை மறுபடி திரும்பிப் பார்க்கக்கூடாது. அம்போ வட்டமோ, ஒட்டுமுன் அதில் செக்கரின் நம்பரைப் பேனாவால் எழுத வேண்டும். யார் சொன்ன குறை இது என்று நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் வேண்டுமல்லவா. அவள் நம்பர் பதினேழு. சேர்ந்த புதிதில் ஒருநாள் நம்பர் எழுத மறந்து சூப்பர்வைசரிடம் நாற்பது பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அப்புறம் இன்றுவரை அவள் கை அதை மறந்ததில்லை. தூக்கத்தில் எழுப்பி ஸ்டிக்கரைக் கொடுத்தாலும் எழுதிவிட்டுத்தான் ஒட்டும்.

அதனால்தான் கூடத்துக்குள் நுழைந்த உடனேயே அவள் கண் படங்களுக்குப் போகாமல் சிவப்புக்குப் போனது. ஒவ்வொரு படத்துக்கும் சிலைக்கும் பக்கத்தில் பேர் எழுதின சின்ன வெள்ளை அட்டை. சில அட்டைகளின் மூலையில் சிவப்பாக ஒரு வட்டம். கம்பெனியில் இருக்கிற அதே அளவு, அதே சிவப்பு. முதல் சுற்றில் ஐந்து எண்ணினாள், இரண்டாம் சுற்றில் ஆறு. தூணுக்குப் பின்னால் ஒன்று தப்பியிருந்தது. நாற்பத்தொன்றில் ஆறு. காட்சி தொடங்கின இந்த ஐந்து நாளில் யாரோ நல்ல செக்கர் வந்து பார்த்திருக்கிறான், பெரிய கையாகத்தான் இருக்கும், என்று நினைத்துக்கொண்டாள். வாசலுக்கு நேராக ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் பூசி மூலையில் மட்டும் மஞ்சள் விட்டிருக்கிறதே, அதற்கு வட்டம். சரிதான், அது என்ன வேலை, டையிங்கில் சாயம் பிடிக்காத துணி மாதிரி. கோகிலவாணியின் சிலைக்குப் பக்கத்து அட்டையைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். சுத்தமாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். அட்டையை மட்டும்தான் பார்த்தாள். சிலையை நிமிர்ந்து பார்க்கவில்லை, வெள்ளையாக ஏதோ உட்கார்ந்திருந்தது, அதில் சிவப்பு சிவப்பாக என்னவோ. அட்டை சுத்தம். ஒரு குறை இல்லை. என்ற புள்ளையாச்சே என்று நெஞ்சுக்குள் ஒரு கொதி வந்து அடங்கியது. வெட்கமாகவும் இருந்தது. பெருமைப்படுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை, புதுச் செருப்பு மாதிரி கடித்தது. கறுப்புப் படத்தைச் செய்தவன் சகாயராஜ் என்று மகள் சொல்லியிருந்தாள். வாசல் மேஜையில் தாடியும் கடுக்கனுமாக உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கூடத்தில் வேறு யாரும் இல்லை. இந்தப் பிள்ளைகள் முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள், ஒன்றிலிருந்து இரண்டு வரை கோகிலவாணியும் இவனும். ஆறு வட்டத்தில் இரண்டு இவனுடையது. பாவம், ஒருத்தனுக்கே இரண்டு. பேசாதே என்று மகள் சொன்னது காதில் இருந்தது. இருந்தும் எழுந்து போனாள். ஆறுதல் சொல்கிறவளாக ஒருதரம் இருந்து பார்க்கலாமே என்று ஆசை வந்துவிட்டது.

"ஏனுங் தம்பி, மனசு உட்றாதீங்க."

"எதுக்குங்கம்மா?"

"ரெண்டு ஆயிப்போச்சேன்னுதான். சின்ன வயசு. இன்னொண்ணு நல்லாப் பண்ணிக்கலாம். எங்க கம்பெனில எல்லாம் ஒரு நாளைக்கு இருபது முப்பது ரிஜெக்ட் ஆகும். அதுக்காவ கம்பெனிய மூடியா வெச்சாங்க?"

அவன் அவளைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிப்பு விரலிடுக்கில் வழிந்தது. செல்போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, "மச்சான், என் ரெண்டும் ரிஜெக்ட்டாம்டா! இல்லடா, கோகிலா அம்மா சொல்றாங்க. ஆமா, செக்கிங் பண்ணிட்டாங்க. இன்னும் நாலு ரிஜெக்ட் ஆனா ஊர்ல வீடே கட்டிருவேன்டா" என்றான். அவள் அவனுக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றாள். தரை சில்லென்று உள்ளங்காலில் ஏறியது. போனை வைத்துவிட்டு, கெட்ட பிள்ளை இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கமாகவே சொன்னான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சிவப்புப் பொட்டு வெச்சா அதை ஒருத்தர் வாங்கிட்டாங்கன்னு அர்த்தம். காட்சி முடிஞ்சதும் எடுத்துட்டுப் போவாங்க. பொட்டு இல்லாததுதான் இன்னும் ஆருக்கும் வேணாம்னு நிக்குது."

"அப்ப என்ற புள்ளைது..."

"அது நிக்குது. ஆனா நீங்க கவலைப்படாதீங்க. நாலு மணிக்கு மெட்ராஸ்ல இருந்து ரங்கநாயகி மேடம் வர்றாங்கல்ல? போட்டோல பாத்துட்டு அந்தக் குழந்தை சிலையைத்தான் கேட்டாங்களாம். பொட்டு வெச்சதை மேடம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க, இன்னொருத்தர் எடுத்ததுல கை வெக்கறது அவங்களுக்குப் பிடிக்காது. நல்லவேளை கோகிலாவோடதுக்கு ஒரு பொட்டும் இல்ல. இருங்க, ஒரு டீ அடிச்சுட்டு வந்தர்றேன். நீங்க இருக்கீங்கல்ல?"

இருக்கிறேன் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினெட்டுத் தப்படி. காது இரண்டும் சுட்டது. இந்நேரம் அந்த மச்சான் இன்னொரு மச்சானுக்குச் சொல்லியிருப்பான், அவன் ஒன்பது பேருக்கும் சொல்லியிருப்பான், சாயங்காலம் மகள் காதுக்குப் போகும், உன் அம்மா வந்து எங்களையெல்லாம் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க என்று. மகள் சிரிப்பாளா, சிரிக்க மாட்டாள், தலையைக் குனிந்துகொள்வாள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், இடது தோளை இறக்கிக்கொண்டு. தோளை இறக்காத என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். சரி, அது போகட்டும். வேறொன்று இப்போது உள்ளே நகர்ந்தது, அரிசியில் புழு நகர்கிற மாதிரி. ஐந்து நாளாக ஒருத்தருக்கும் வேண்டாமென்று நிற்கிறது. அந்தம்மாவும் வேண்டாமென்றால்? போன மாசம் போனில் கோகிலவாணிதான் சொன்னாள்: "மேடம் ஒண்ணே ஒண்ணுதான் எடுப்பாங்க ம்மா. எடுத்தா ரெண்டு வருஷம் மெட்ராஸ்ல அவங்க பட்டறைலயே தங்கி வேலை செய்யலாம். என்னுது எடுத்தாங்கன்னா போறேன். இல்லீன்னா உன்கூடவே வந்தர்றேன். நீ சொல்லி வெச்ச ஆபீஸ் வேலைல சேந்துக்கறேன். சிலை கிலைன்னு அப்பறம் வாயே தொறக்க மாட்டேன். சத்தியம்." போனில் பண்ணின சத்தியம் சத்தியமா என்று அன்று முழுக்க யோசித்திருக்கிறாள். மகள் சொன்னது சத்தியம்தான், அவள் பொய் சொல்லிப் பழகாதவள். பொய் சொன்னால் மேலுதடு வியர்க்கும், அதையும் காட்டிக் கொடுத்தாயிற்று ஆறாம் வகுப்பிலேயே. இல்லீன்னா உன்கூடவே வந்தர்றேன். அந்த வாக்கியத்தைக் கருணாம்பாள் ஒரு மாசமாக வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கிறாள். லைன் வீட்டில் இரண்டாவது தட்டு எடுத்து வைக்கலாம். ராத்திரி கதவுக்கு யாராவது ஒருத்தர் தாழ் போடுவார்கள். ஊசியில் நூல் கோத்துத் தருவார்கள். நூல். அங்கேதான் வந்து நிற்கிறது எல்லாம். இடது கண்ணில் ஒரு புகை. ஆவணியில் தொடங்கியது, ஐப்பசிக்குள் பாதிப் பீஸை மூடிவிட்டது. போன ஷிப்மெண்டில் மூன்று ஓட்டையை விட்டிருக்கிறாள், மூன்று, முப்பத்தொரு வருஷத்தில் மொத்தமே ஏழு. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் தெரிந்தே ஓட்டையுள்ள இரண்டு பீஸைப் பண்டலுக்குள் சொருகி அவள் மேஜைக்கு அனுப்பினான், அவள் கண்டுபிடித்துவிட்டாள், வலது கண்ணால், ஆனால் அவன் சொருகினான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. மகளிடம் கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் வருவாள். பாவம் பார்த்து வருவாள். அப்படி வரவேண்டாம். தானாக வரவேண்டும், வேறு வழியில்லாமல் வரவேண்டும், தோற்று வரவேண்டும். நினைத்துவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தோற்று என்றா நினைத்தாள்? இல்லை, களைத்து என்றுதான்.

ஒன்று முப்பத்தொன்று. அப்போதுதான் சிலையை நிமிர்ந்து பார்த்தாள், நாற்காலிக்கு நேராக, நாலு முழ தூரத்தில், பார்க்காமல் இருக்க முடியாத இடத்தில் அது இருந்தது. எட்டு வயசுப் பெண்பிள்ளை ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பனியன் கட்டிங் வேஸ்ட்டைப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த உடம்பு. கம்பெனியில் மூட்டை மூட்டையாகப் போகிற அதே வெள்ளைத் துண்டுகள், எது ஜெர்சித் துணி எது ரிப் துணி என்றுகூட அவளால் சொல்ல முடியும். வேலை சுத்தம். ஓரம் பிசிறில்லை, மடிப்பில் காற்றில்லை. எங்கே கற்றது இந்தக் கை? கேட்க வேண்டுமா. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு குழி. உடம்பெல்லாம் சிவப்பு அம்பு. ஒன்று மேலுதட்டை, ஒன்று மூக்கை, ஒன்று காதைக் காட்டிக்கொண்டு நின்றன. எண்ணினாள். அறுபத்து மூன்று. மறுபடி எண்ணினாள், செக்கர் ஒருதரம் எண்ணினதை நம்பக்கூடாது, அறுபத்து மூன்றேதான். அவினாசிக் கோயில் பிரகாரத்தில் வரிசையாக நிற்பார்களே, அத்தனை பேர். எதற்கு ஒட்டியிருக்கிறாள்? அழகுக்காக இருக்கும், தீபாவளிச் சட்டையில் சமிக்கி மாதிரி. ஆனால் சமிக்கி எதையும் காட்டாது, அம்பு காட்டும். இந்த முட்டியில் என்ன குறை? ஓட்டையில்லை, கறையில்லை. செக்கர் கண்ணுக்கு ஒன்றும் இல்லாத இடத்தில் அம்பு ஒட்டியிருந்தால் அது தப்பு செக்கிங், அதற்கும் திட்டு உண்டு. முட்டி. கறுத்துக் கெடக்குது பாரு, தேங்காய் நார் போட்டுத் தேச்சுக் குளி என்று சொன்ன முட்டி. அவள் கையை மடியில் இறுக்கிக்கொண்டாள். மேலுதடு: பல்ல மூடிட்டுச் சிரி. காது: அப்பன் காது, அந்தாளு போனான், காத வெச்சுட்டுப் போனான். விரல்: கோணல் கோணலா எழுதாத என்று வீட்டுப்பாட நோட்டில் நிஜ ஸ்டிக்கரையே ஒட்டி அனுப்பினாள், வாத்தியார் கூப்பிட்டுவிட்டு ஏம்மா நோட்டெல்லாம் அம்பா இருக்குது என்று கேட்டபோது தப்புக் காட்டினா திருத்துவா சார் என்று சொன்னாள், வாத்தியாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தோள். குதிகால், நடக்கறப்ப சத்தம். பின்கழுத்து, அழுக்கு. வயிறு, தின்னுட்டே இரு. ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே, நெஞ்சு, முதுகு, கை, கழுத்து என்று அதே வரிசையில் தன் வாயால் சொன்னதோடு பொருத்திக்கொண்டே வந்தாள். நாற்பதுக்குப் பேச்சு ஞாபகம் வந்தது. இருபத்து மூன்றுக்கு வரவில்லை. அந்த இருபத்து மூன்றை நான் சொல்லவில்லை என்று முதலில் நிம்மதியாக இருந்தது, அவளாகவே ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்த நிம்மதி கசந்தது. அவளாகவே ஒட்டிக்கொள்கிற அளவுக்கு அந்தக் கண் அவளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

நல்லதுக்குத்தானே சொன்னேன், வேறு யார் சொல்வார்கள், அவளுக்கு மூன்று வயசில் அப்பன் போய்ச் சேர்ந்தான், மாமியார் வீடு வரவில்லை, எட்டாம் வகுப்பு படித்த பொம்பளை, ஒற்றைக் கையில் வளர்த்தாள், ஒருதரம்கூட ஓர் அடி கொடுத்ததில்லை, குறையைக் காட்டினாள், காட்டினால் திருந்தும், பனியன் திருந்தவில்லையா? ஆனால் பனியன் அம்பை எடுத்ததும் அம்பை மறந்துவிடும். சரி, சரி. முகத்தைப் பார்க்காமல் சிலையின் முதுகைப் பார்க்கலாமென்று எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அதில் வட்டம் இருக்கிறதா என்றுதான் உண்மையில் தேடினாள். வட்டம் இல்லை. ஒன்றுகூட இல்லை. மகள் மறந்துவிட்டாள்! எட்டு வயசில் நடந்தது எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது. அன்று பள்ளிக்கூடம் லீவு. செக்கிங் மேஜைக்குக் கீழே வேஸ்ட் துணிக் குவியலில் குழந்தை உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது, இதே மாதிரி சம்மணம் போட்டு. மேஜையில் பன்னிரண்டு பொம்பளைகள். கருணாம்பாள் யாரோடும் பேச மாட்டாள், சிரிக்க மாட்டாள், ஊமைக்கோட்டான் என்று பட்டப்பேர் உண்டு. யாரோ, சின்னப்பொண்ணுதான், "ஏனக்கா, ஊரான் ஊட்டுப் பனியனயே இந்தப் பாடு படுத்துற, உன்ற புள்ளைய ஒருக்கா செக் பண்ணிச் சொல்லு பாக்கலாம்" என்றாள். கருணாம்பாள் குழந்தையைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்தாள், டியூப் லைட்டுக்கு நேராக. நெஞ்சு, முதுகு, கை, கழுத்து. பல்லைத் திறக்கச் சொன்னாள். காதை மடக்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமில்லாமல் ஒரு சிவப்பு வட்டத்தை உரித்து, நம்பர் பதினேழு எழுதி, குழந்தையின் இடது கன்னத்தில், கண்ணுக்கு அரை விரல் கீழே ஒட்டினாள். பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சின்னப்பொண்ணு மேஜையிலேயே சாய்ந்துவிட்டாள். வாழ்நாளில் ஒரே ஒருதரம் கருணாம்பாள் நாலு பேரைச் சிரிக்க வைத்தாள். அந்தச் சந்தோஷம் மூன்று நாள் இருந்தது. குழந்தையும் சிரித்தது, பல்லை மூடிக்கொண்டு. ராத்திரி வரைக்கும் அதை எடுக்கவில்லை. எடு என்றதற்கு, ரிஜெக்ட்டை ஆரும் எடுக்கக்கூடாதுல்ல என்றது. புத்திசாலி என்று அப்போது நினைத்தாள். மறுநாள் காலையில் அவளே சுரண்டி எடுத்தாள், தோல் சிவந்திருந்தது, எண்ணெய் வைத்தாள். எண்ணெய் வைத்தாள் அல்லவா? அதற்கு ஒரு கணக்கு யாராவது வைத்திருக்கிறார்களா?

வைத்திருக்க மாட்டார்கள். இனி இது எங்கே போகும்? அந்த மெட்ராஸ் அம்மா எடுத்தால் அவள் கட்டியிருக்கிற பெரிய மண்டபத்தில் கண்ணாடிக்குள் உட்காரும், மேலே விளக்குப் போடுவார்கள், செக்கிங் விளக்கு மாதிரி, தினம் நூறு பேர், வருஷத்துக்கு முப்பத்தாறாயிரம் பேர், இந்த அம்பை ஒட்டினது யார் என்று கேட்பார்கள். நம்பர் இல்லை, பெயரில்லை. ஆனால் மகள் வாயைத் திறந்து சொல்லிவிட்டால்? அங்கே ரெண்டு வருஷத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகளைச் செய்வாள், பத்து வயசு, பன்னிரண்டு வயசு? எடுக்காவிட்டால் சாயங்காலம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பெரிய அண்டாவில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் பசை விட்டுவிடும். துணி துணியாகப் பிரிந்து வந்துவிடும், தரை துடைக்க ஆகும். அப்புறம் மகள் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போய் ஆறு மணிக்கு வருவாள். ஊசியில் நூல் கோத்துத் தருவாள். குளிர் தாங்கவில்லை, இவர்கள் ஏன் இந்தக் கூடத்தை மார்ச்சுவரி மாதிரி வைத்திருக்கிறார்கள், காலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். ஒன்று நாற்பத்தாறு. கண்ணாடிக்கு வெளியே வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட, கட்டை முடி நரைத்த, பெரிய மூக்குத்தி போட்ட அம்மா இறங்கினாள். காலையில் செல்போனில் மகள் காட்டின அதே முகம். நாலு மணி என்றார்களே. இரண்டே கால் மணி நேரம் முன்னால் வந்தால் அது யார் தப்பு? வாசலுக்கும் காருக்கும் இருபது அடி இருக்கும், அந்தம்மா படியருகே நின்று செருப்பைப் பார்த்தாள், ஒற்றை ஜோடிச் செருப்பை, தானும் கழற்றுவதா என்று யோசிக்கிறாள் போல. கருணாம்பாள் ஒன்றும் முடிவு செய்யவில்லை. பிற்பாடு எத்தனை தரம் புரட்டிப் பார்த்தாலும் முடிவு செய்த இடம் என்று ஒன்று கிடைக்கவில்லை. கைப்பையின் ஜிப் திறந்திருந்தது. உள்ளே எப்போதும் இருக்கிற ஸ்டிக்கர் தாள் வெளியே வந்திருந்தது. பேனா மூடி பல்லில் இருந்தது. கை, முப்பத்தொரு வருஷமாக எப்படி ஒட்டுமோ அப்படி, அட்டையின் மூலையில் வட்டத்தை ஒட்டிக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தது. நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். கதவு திறந்தது. அந்தம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள், இரண்டு ஜோடி.

நேராக வந்தாள். வழியில் எதையும் பார்க்கவில்லை. சிலைக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்கு முகம் கொடுக்கிற உயரத்தில், நெடுநேரம் பார்த்தாள். நாலு நிமிஷம். உதடு லேசாக அசைந்தது, அவளும் எண்ணுகிறாள். அப்புறம் எழுந்து, தலையைத் திருப்பி, அட்டையைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். "அடடா" என்றாள். சின்னப் பிள்ளை கையிலிருந்து ஐஸ் விழுந்த மாதிரி இருந்தது.

"யாரும்மா எடுத்தது இதை?"

"தெரியலீங்க."

"இதுக்காகத்தான் விடியக் கிளம்பி வந்தேன். யாரோ கொடுத்து வெச்சவங்க." மறுபடி சிலையைப் பார்த்தாள். "இத்தனை குறை கண்டுபிடிக்கணும்னா எவ்வளவு நேரம் அந்தப் பிள்ளை முகத்தையே பார்த்துட்டு இருந்திருக்கணும், இல்ல? நீங்க இங்கயே வேலை பாக்கறீங்களா?"

"ஆமாங்க" என்றாள் கருணாம்பாள். மேலுதடு வியர்த்தது. அது யாரிடமிருந்து வந்த வியர்வை என்று இத்தனை வருஷம் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அந்தம்மா கூடத்தை ஒருதரம் சுற்றிவிட்டு, தூணுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்த சுட்டமண் காக்கைகளைக் காட்டி, சாயங்காலம் ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒன்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. செருப்பு மறுபடி ஒரு ஜோடி. இப்போது எழுந்துபோய் வட்டத்தை உரித்துவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது, நான்கு தப்படி. ஆனால் ரிஜெக்ட்டை யாரும் எடுக்கக்கூடாது என்று ஏதோ ஒரு குரல் சொன்னது, எட்டு வயசுக் குரல், அவள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி வந்துவிடுவாள். ராத்திரி ஏழு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. சந்தோஷம் வரும் வரும் என்று காத்திருந்தாள். முட்டியிலிருந்து குளிர்தான் ஏறியது.

இரண்டு ஐந்துக்குக் கதவு திறந்து சகாயராஜும் கோகிலவாணியும் சேர்ந்து வந்தார்கள், அவன் வெளியே என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான், ரிஜெக்ட் கதையாகத்தான் இருக்கும். அவன்தான் முதலில் பார்த்தான். "ஏ கோகிலா! அங்க பாரு! பொட்டு!" என்று கத்தினான். "மேடம் முன்னாடியே வந்துட்டாங்க போல! கார் திரும்பறத டீக்கடைல இருந்து பாத்தேன், அப்பவே நெனச்சேன்!" கோகிலவாணி நின்ற இடத்தில் நின்றாள். பிறகு ஓடி வந்தாள், குதிகால் சத்தம் கூடமெல்லாம் கேட்க ஓடி வந்து, பார்சலோடு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எத்தனை வருஷம் ஆயிற்று கட்டிக்கொண்டு, பதினாறு, பதினேழு, கருணாம்பாளுக்குக் கணக்குத் தப்பியது. தயிர்சாதப் பொட்டலம் இரண்டு பேருக்கும் நடுவில் வெதுவெதுவென்று இருந்தது.

"மேடமா ம்மா? மேடம் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"பாத்தாங்களா?"

"ரொம்ப நேரம் பாத்தாங்க. கீழ உக்காந்து பாத்தாங்க."

"ம்மா, உனக்குக் கோவமில்லையே? இதைப் பாத்துட்டு நீ என்ன நெனப்பியோன்னு காலைலிருந்து உயிரே இல்ல எனக்கு. உன்னைத் திட்டறதுக்காகப் பண்ணல ம்மா. நெஜம்மா." அவள் அழுதுகொண்டே சிரித்தாள், பல்லை மூட மறந்து. எல்லாப் பல்லும் தெரிந்தது. கருணாம்பாள் அதைப் பார்த்தாள், பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை, எப்போதுமே இருந்ததில்லை.

"போட்டோ எடு கோகிலா, பொட்டோட எடு" என்றான் சகாயராஜ். அவள் செல்போனை எடுத்துக்கொண்டு அட்டைக்கு முன்னால் குனிந்தாள். கிட்டப் போனாள். இன்னும் கிட்டப் போனாள். கருணாம்பாள் எண்ணத் தொடங்கினாள், வேறு செய்ய ஒன்றும் இல்லை. பதினொன்று எண்ணுவதற்குள் மகளின் முதுகு மாறிவிட்டது. இடது தோள் இறங்கியது. போன் கீழே வந்தது. "என்னாச்சு, மங்கலா விழுதா?" என்று அவன் கேட்டான். அவள் திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் வட்டத்தின் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல், அட்டையில் பசை தங்காமல், எப்படி உரிக்க வேண்டும் என்று சின்ன வயசில் கற்றுக்கொண்டாளோ அப்படியே உரித்தாள். விரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். எழுத்து கோணல் இல்லை. திருத்தமான ஒன்று, திருத்தமான ஏழு.

அப்புறம் சிலைக்கு முன்னால் மண்டியிட்டு, குழந்தையின் இடது கன்னத்தில் அதை ஒட்டினாள். அவள் எதையும் மறந்திருக்கவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது ஒட்டாமல் வைத்திருந்ததால், மறந்ததால் அல்ல. கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. சகாயராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாசல் மேஜைக்கு நகர்ந்தான், இந்தத் தரம் சிரிக்கவில்லை. கோகிலவாணி எழுந்து வந்து பொட்டலத்தைப் பிரித்து அம்மாவின் மடியில் வைத்தாள். "ஊறுகாய் வெக்க வேணாம்னு சொல்லிட்டேன். உனக்கு ஆகாது" என்றாள். குரலில் கோபமில்லை, ஒன்றுமே இல்லை. "மேடம் இந்நேரம் வேற எடுத்திருப்பாங்க. ஏழு மணி பஸ்ஸுதானே. வர்றேன்."

சத்தியம் சத்தியம்தான். கருணாம்பாள் கேட்டது கிடைத்துவிட்டது. அறுபத்து நாலு, என்று அவள் மனசு தானாகக் கூட்டி வைத்தது. சாதத்தில் கை வைத்தவள் நிமிர்ந்து குழந்தையின் கன்னத்தைப் பார்த்தாள், இடது கண்ணைப் புகை மறைக்க வலது கண்ணால் பார்த்தாள். சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொள்ள வேண்டும், இந்த ஒருதரமாவது மூடிக்கொள்ள வேண்டும். ஐந்து வரை எண்ணினாள். பத்து வரை எண்ணினாள்.

"அங்க இல்ல" என்றாள். "இன்னங் கொஞ்சம் மேல, கண்ணு."